இருளப்பசாமி கோயிலில் ஒரு ஸ்டியரிங்

கௌதம்ராஜுக்குக் கோபம் வந்தால் முதலில் ஏச்சு வாங்குகிறவன் இசக்கிமுத்து. இத்தனைக்கும் இசக்கிமுத்து செத்து நாற்பது வருடம் ஆகப்போகிறது. போல்ட் கழலவில்லையா, இசக்கிமுத்து. கார்புரேட்டர் ஒழுகுகிறதா, அதற்கும் இசக்கிமுத்துதான். "திருட்டுப்பய! அப்பா வண்டியைக் களவாண்டு ஓட்டி, புளியமரத்துல மோதிச் செத்ததும் இல்லாம, இப்போ என் உசுரையும் வாங்குதான் பாரு" என்று ஸ்பானரை விட்டெறிவான். எதிரே உட்கார்ந்திருக்கும் ஜெர்வின் அதை எடுத்துத் துடைத்துப் பெட்டியில் வைப்பான். தளவாய்புரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஜெர்வினுக்கு இந்த வசவெல்லாம் பழகிப்போன சங்கதி.

அந்த வண்டி கௌதம்ராஜின் அப்பாவுடையது. ராமகிருஷ்ணன் என்றால் ராஜபாளையத்தில் யாருக்கும் தெரியாது. ரேஸ் ராம்கி என்றால் ஆட்டோக்காரர் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவார். ஜின்னிங் பேக்டரி முதலாளியின் மகனாகப் பிறந்து, பஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், இரும்புக் குழாய்களை வளைத்து ஒட்டி, பியட் எஞ்சினைத் தூக்கி வைத்து, ஒற்றை சீட்டு ரேஸ் கார் கட்டினவர் அவர். மெட்ராஸ் வரை கொண்டுபோய்க் கோப்பை கோப்பையாக வாங்கி வந்தார். கூடவே இருந்து வண்டியைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்தான் இசக்கிமுத்து. ஒரு ரேசுக்குக் கிளம்ப வேண்டிய அன்று விடியற்காலையில் அவன் யாருக்கும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்கு இந்தப் பக்கம் மரத்தில் மோதிச் செத்தான். அதோடு ராம்கியின் ரேசும் முடிந்தது. கௌதம்ராஜ் சோற்றோடு சேர்த்துத் தின்று வளர்ந்த கதை இது.

நசுங்கின வண்டி பேக்டரிக் கிட்டங்கியில் பஞ்சுத் தாட்டு மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. அப்பா கண்மூடுவதற்குள் அதை ஓடவைத்து அவரை அதில் உட்காரவைத்துவிட வேண்டும் என்று கௌதம்ராஜுக்கு ஒரு வெறி. பேக்டரியைத் தம்பி கையில் விட்டுவிட்டு வண்டியே கதியென்று கிடந்தான். பழைய போட்டோக்களைப் பெரிதாக்கி, எந்தக் குழாய் எந்தப் பக்கம் வளைகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். பிஸ்டன் கோயம்புத்தூரில் கிடைத்தது. மீட்டரைப் பூனாவில் ஒரு பழைய இரும்புக்கடைக்காரர் கொடுத்தார். முன்பக்கச் சட்டத்தை ஜெர்வின் வெட்டியெடுத்துப் புதிதாக வளைத்து ஒட்டினான். எல்லாம் சேர்ந்தது, ஸ்டியரிங்கைத் தவிர. ஈட்டி மரத்தில் வளையம், மூன்று அலுமினியக் கம்பி, நடுவில் பருந்து பொறித்த பித்தளை வில்லை. ராம்கி வரைந்து கொடுத்துச் செய்தது. உலகத்திலேயே அது ஒன்றுதான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெர்வின் சர்ச்சுக்குப் போயிருந்த நேரம், கௌதம்ராஜ் ஸ்டியரிங் தண்டின் அடி மூட்டைத் தனியாகப் பிரித்தான். கெட்டிப்போன கிரீசுக்குள்ளே ஏதோ துணி சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறினதும் சிவப்பு தெரிந்தது. 'கழிவுத்துணியைக்கூட எடுக்கத் துப்பில்லாத மெக்கானிக்' என்று இசக்கிமுத்துவை இன்னும் நாலு வார்த்தை ஏசிவிட்டு, கத்தியால் அறுத்துக் குப்பையில் போட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கவிருந்த பழைய கார் கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜெர்வினிடமிருந்து செல்லுக்கு ஒரு போட்டோ வந்தது. சுந்தரபாண்டியத்துக்கு வெளியே இருளப்பசாமி கோயிலுக்குக் கம்பிக் கதவு ஒட்டப் போன இடத்தில் எடுத்தது. வேப்பமரத்துக் கிளையில் மணிகள், துருப்பிடித்த அரிவாள்கள், அவற்றின் நடுவில் கட்டுக்கம்பியால் கட்டி ஒரு ஸ்டியரிங். வளையத்தில் பாதிதான் இருந்தது. பித்தளை வில்லையில் பருந்து இருந்தது.

"இசக்கிமுத்து ஊரு இதுதான மாப்ள?" என்று போனில் கேட்டான் ஜெர்வின்.

கௌதம்ராஜுக்குக் கண்மண் தெரியாத ஆத்திரம். வண்டியைத் திருடினான், அவன் பெண்டாட்டி பிள்ளைகள் ஸ்டியரிங்கையும் திருடியிருக்கிறார்கள்! குடும்பமே களவாணிக் குடும்பம்! காரை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் பறந்தான். கோயில் வந்து சேர்ந்ததும் செருப்பைக் கழற்றினதோடு சரி, சாமி பக்கம் திரும்பக்கூட இல்லை. நேரே மரத்தடிக்குப் போய்க் கட்டுக்கம்பியை முறுக்க ஆரம்பித்தான்.

"ஏலே! கையை எடு."

பக்கத்துச் சோளக்காட்டிலிருந்து ஒரு பெண் கையில் பன்னரிவாளோடு வரப்பேறி வந்தாள். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். நடையில் அது தெரியவில்லை.

"இது எங்க அப்பா வண்டி ஸ்டியரிங். களவாண்டு கொண்டாந்து சாமிக்குக் கட்டியிருக்கீங்க, வெக்கமா இல்ல?" என்று கத்தினான் கௌதம்ராஜ்.

அவள் அவன் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். "ராம்கி மொதலாளி மகனா நீ? அந்த மூக்கே சொல்லுதே. நான் இசக்கிமுத்து பொஞ்சாதி சுடலைமாடத்தி. களவாண்டதுதான், ஆமா. எம்புருசன் நெஞ்சுக்குள்ள இருந்து களவாண்டது. அவியளைப் பெரியாஸ்பத்திரில அறுத்து இதை எடுத்தாவ. ரத்த வேட்டியையும் இதையும் ஒரே சாக்குல போட்டு என் கையில குடுத்தாவ. கைப்புள்ளையை ஒரு இடுப்புலயும் சாக்கை ஒரு இடுப்புலயும் வச்சுக்கிட்டு பஸ் ஏறி வந்தேன். போ, போலீசுல எழுதிக் குடு. எழுதிக் குடுக்கதுதான் ஒங்க குடும்பத்துக்குக் கை வந்த கலையாச்சே."

"வண்டியைத் திருடிட்டுப் போனது உங்க வீட்டுக்காரர். எழுதிக் குடுக்காம என்ன செய்வாங்க?"

இதைச் சொன்னதும் அவளுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "வாயைக் கழுவு! மொத நாளு சோறு திங்கயில என்கிட்ட சொன்னாவ. 'ஸ்டியரிங் மூட்டுல கீறல் விட்டிருக்கு. செவப்புத்துணி கட்டிட்டு வந்திருக்கேன். வேற மூட்டு வார வரைக்கும் வண்டியை எடுக்கக்கூடாதுன்னு மொதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்'னு. விடியுமுன்ன ஒங்க அப்பாவே வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. 'சாயங்காலம் மெட்ராஸ் கெளம்பணும், ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துரு, ஒண்ணும் ஆவாது'ன்னாரு. இவிய கீறல் கீறல்னு எம்புட்டோ சொன்னாவ. 'பயந்தாங்கொள்ளி, உனக்கு எதுக்குடா ஸ்பானர்'னு கேட்டாரு மனுசன். அடுப்படில நின்னு இந்தக் காதால கேட்டேன். ஏலே, நான் ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லு. ஒடையப்போகுதுன்னு தெரிஞ்சு துணி கட்டுனவன், அதே வண்டியைக் களவாண்டுட்டு ஓடுவானா?"

கௌதம்ராஜ் கட்டுக்கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டான். கதவு ஒட்டுவதை விட்டுவிட்டு வந்து நின்ற ஜெர்வின் மெதுவாகச் சொன்னான்: "பட்டறைல அது வழக்கந்தான் மாப்ள. ஓட்டக்கூடாத வண்டில செவப்புத்துணி கட்டிருவோம். கட்டுன ஆளுதான் அவுக்கணும். ஆனா நம்ம வண்டில துணி எதுவும் இல்லையே?"

"இருந்துச்சு. நான்தான் அறுத்துப் போட்டேன்" என்றான் கௌதம்ராஜ்.

இத்தனை நாள் ஒரு செத்த மனிதனை எப்படியெல்லாம் ஏசியிருக்கிறான்! ஒவ்வொரு வசவும் திரும்பி வந்து அவன் மூஞ்சியிலேயே விழுந்தது. மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

சுடலைமாடத்திக்கு இரக்கம் வரவில்லை. ஏன் வரவேண்டும்? "எம்மவளைப் பள்ளிக்கூடத்துல களவாணி மகள்னு கூப்பிட்டாவ. பொண்ணு கேட்டு வந்தவன் அதைச் சொல்லியே எந்திரிச்சுப் போனான். இந்தச் சாமிகிட்ட முறையிட்டு இதைக் கட்டும்போது, அந்த மனுசன் குடி வெளங்கக்கூடாதுன்னு நான் கேக்கல. 'நான்தான் ஓட்டச் சொன்னேன்'னு அவரு வாயால ஊர் முன்னால சொல்லணும். அம்புட்டுத்தான் கேட்டேன். சொல்லட்டும், நானே அவுத்துக் குடுக்கேன். அதுவரைக்கும் பூசாரிகூட இதைத் தொடமாட்டாரு."

வீட்டுக்கு வந்தபோது ராம்கி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கௌதம்ராஜ் டிவியை அணைத்தான்.

"அப்பா, இசக்கிமுத்துவை ஓட்டச் சொன்னது யாரு?"

"யாருடா உன் காதுல ஓதுனது?"

"யாரும் ஓத வேண்டாம். மூட்டுல துணி இருந்துச்சு, நானே பாத்தேன். அவுக்காமலேதான் ஓட்டியிருக்காரு. நீங்க ஓட்ட வச்சிருக்கீங்க."

"ஆமா, சொன்னேன். இப்போ என்ன செய்யணும்ங்குத? நாப்பது வருசத்துக்கு முந்துன சங்கதி."

"களவுன்னு ஏன் எழுதிக் குடுத்தீங்க?"

"வேற என்ன எழுதச் சொல்லுத? நான் ஜெயிலுக்குப் போயிருந்தா நீ யாரு கையைப் புடிச்சுப் பள்ளிக்கூடம் போயிருப்ப? உனக்காகத்தாம்லே செஞ்சேன்."

"எனக்காகன்னு சொல்லாதீங்க!" வீடே அதிர்ந்தது. "அந்த வீட்டுலயும் ஒரு கைப்புள்ள இருந்துச்சு. அதைக் களவாணி மகள்னு ஆக்கிட்டு, அந்தப் பழியை எனக்கும் பங்கு வைக்காதீங்க. வந்து அந்த அம்மாகிட்டச் சொல்லுங்க."

"ஒரு மெக்கானிக் பொஞ்சாதி முன்னால நான் போய் நிக்கணுமா? வேற சோலி இருந்தாப் பாரு. நல்லதா ஒரு ஸ்டியரிங் வாங்கி மாட்டு. ஞாயித்துக்கிழமை ஊரே பாக்க வருது" என்று சொல்லிவிட்டு அவரே எழுந்து டிவியைப் போட்டார்.

அப்பா சொன்னபடியே கௌதம்ராஜ் புது ஸ்டியரிங் வாங்கி மாட்டினான். ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் லாரியிலிருந்து வண்டியை இறக்கினதும் அதைக் கழற்றி லாரிக்குள் போட்டான்.

"வேணாம் மாப்ள, அப்பா வயசானவிய" என்றான் ஜெர்வின்.

"வயசாயிட்டாச் செத்தவன் எந்திரிச்சு வந்துருவானா?" என்று சீறினான் கௌதம்ராஜ்.

பழைய கார்கள் வரிசையாக நின்றன. கூட்டமென்றால் கூட்டம். மைக்கில் ஒருவர் ராம்கியின் கோப்பைகளைப் பட்டியல் போட்டு முடித்ததும், பொன்னாடை போர்த்திய ராம்கியை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து வண்டிக்குள் இறக்கினார்கள். ஒல்லியான இளவட்டத்துக்குக் கட்டின சீட்டு அது. இடுப்பு இறுகிச் சிக்கிக்கொண்டது. கேமராக்காரர்களைப் பார்த்துச் சிரித்தபடி ராம்கி பழக்கத்தில் இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். பிடிக்க ஒன்றுமில்லை, வெறும் தண்டுதான் நின்றது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"ஸ்டியரிங் எங்கலே?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சாமிகிட்ட இருக்கு. கேட்டு வாங்கிக்கோங்க" என்று சொன்ன கௌதம்ராஜ், கூட்டத்தைப் பார்த்து "வாங்கம்மா" என்றான். சுடலைமாடத்தி வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். பக்கத்தில் அவள் மகள் வெள்ளத்தாய், உதட்டைக் கடித்துக்கொண்டு.

ராம்கிக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. "தூக்குலே என்னை" என்று கையை நீட்டினார். தூக்க ஓடி வந்தவர்களை ஜெர்வின் குறுக்கே நின்று மறித்தான். கௌதம்ராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"யாரு ஓட்டச் சொன்னது? சொல்லுங்கப்பா, கை குடுக்கேன்."

"பெத்த அப்பனை நடுத்தெருவுல வச்சு அசிங்கப்படுத்துதியே, நீ நல்லாருப்பியா?"

"நல்லாருக்க மாட்டேன். சொல்லுங்க."

அவர் தானாக எழப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தார், ஒருவரும் அசையவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பொன்னாடை வியர்வையில் நனைந்து கழுத்தில் ஒட்டியது. என்ன இருந்தாலும் கௌதம்ராஜுக்கு அவர் அப்பா. ஆனாலும் கட்டின கையை அவிழ்க்கவில்லை.

"நான்தான்" என்றார் ராம்கி, சீட்டுக்குள் குனிந்தபடி.

"என்ன நான்தான்?"

"நான்தான் ஓட்டச் சொன்னேன். அவன் களவாடல."

கௌதம்ராஜ் குனிந்து கையை நீட்டினான். அந்தக் கையைச் சுடலைமாடத்தி பிடித்து நிறுத்தினாள்.

"செத்த நேரம் பொறு, தம்பி. எனக்குக் கேட்டுச்சு. எம்மவளைக் களவாணி மகள்னு சொன்ன ஊருக்குக் கேக்கல."

அவள் நேரே போய் மைக்குக்காரர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டு வந்து ராம்கியின் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"சத்தமாச் சொல்லுங்க மொதலாளி. பேரைச் சொல்லிச் சொல்லுங்க."