கிரினெவ் ஊர்ப்பாட்டு

ஐரோப்பாவில் கிரினெவ் என்ற ஊரைவிட்டுப் புவெனஸ் அயர்ஸில் குடியேறிய யூதர்களின் சங்கம் போட்ட விழாமலரில், எட்டாம் பக்கத்தில், 'நம் முன்னோர் பாடியது' என்று ஒரு பாட்டு உண்டு. திரட்டியவர்: ஸெலிக் வைன்ட்ராப், செயலாளர். ஸெலிக் அதை எங்கும் திரட்டவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து தானே எழுதினார். சொந்தப் பாட்டு என்றால் கைதட்டுவார்கள், பழம்பாட்டு என்றால் அழுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆண்டு விருந்தில் மீனுக்கும் வாத்துக்கறிக்கும் நடுவே எல்லோரும் எழுந்து நின்று அதைப் பாடுவார்கள். அழுது முடித்தால்தான் வாத்து வரும்.

யுத்தம் முடிந்த இரண்டாம் வருஷம் ஹின்டா என்ற பெண் சங்கக் கமிட்டிமுன் வந்து நின்றாள். கிரினெவில் கடைசிவரை இருந்தவள். அவள் தம்பி இத்தாலியில் அகதி முகாமில் ரத்தமாக இருமிக்கொண்டு கிடந்தான். சங்கம் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அவனுக்குக் கப்பல். சங்கமோ சொந்த ஊர்க்காரருக்கு மட்டும்தான் போடும். அவளுடைய காகிதங்களெல்லாம் ஊரோடு எரிந்துவிட்டன.

"காகிதம் எதுக்கும்மா?" என்றார் தலைவர் ப்ளாட்கின், பெரிய உள்ளாடைக் கடை முதலாளி. "நம்ம ஊர்ப்பாட்டைப் பாடு, போதும்."

"எந்தப் பாட்டுங்க?"

கமிட்டி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. தலைவர் கண்ணை மூடி, அவரே எடுத்துக்கொடுத்தார்: பாலத்தடிப் பூமரம் மணக்கிறது, அம்மா ஜன்னலில் காத்திருக்கிறாள்.

"நான் கேட்டதே இல்லீங்களே. பாலத்தடியில ஏது பூமரம்? தோல் ஊறப்போடுற தொட்டிதான். மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் தாண்டுவோம்."

"நம்ம ஊர் நாறுமா?" பொருளாளர் எழுந்தேவிட்டார். "நான் மூணு வயசுல கிளம்பினவன். எனக்கே அந்தப் பூவாசனை இன்னும் மூக்குல நிக்குது!"

ஹின்டா ஸெலிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா, நீங்க தோல்பட்டறை பெய்ஸாக் மகன்தானே? அதே தாடை. உங்கம்மா எங்க பக்கத்து வீடு. மகன் கடுதாசி வந்துச்சான்னு தபால்காரரை தினம் மறிச்சுக் கேப்பாங்க. ஜெர்மன்காரன் எங்களைச் சுட வரிசையில நிறுத்தின அன்னைக்கும் கேட்டாங்க."

"என்னப்பா ஸெலிக்? உங்கப்பா ஜெபக்கூடத்துல பாடுறவர்னுல்ல சொன்னே?" என்றார் தலைவர்.

ஸெலிக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், முகாமில் கிடப்பவன் கப்பலேறிவிடுவான். எட்டாம் பக்கமும், பாடகர் அப்பாவும், விருந்தில் தலைவருக்கு அடுத்த நாற்காலியும் அதே கப்பலில் போய்விடும்.

"பாவம், யாரையோ நெனச்சுப் பேசுறாங்க தலைவரே. பட்ட கஷ்டம் அப்படி."

"சரி, பாட்டு? நீதான் ஆராய்ச்சி பண்ணவன். அது தெரியாம நம்ம ஊர்ல ஒருத்தர் இருக்க முடியுமா?"

"தொட்டில் குழந்தைக்கும் தெரியும்."

ஹின்டா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவை பாடுங்க. கத்துக்கிறேன். நாளைக்கே வந்து பாடிக்காட்டுறேன்."

"கத்துக்கிட்டுப் பாடுறதா?" ப்ளாட்கினுக்குக் கண் கலங்கிவிட்டது. "அது ரத்தத்துல ஊறியிருக்கணும்மா."

அவளைக் கைத்தாங்கலாக வெளியே அனுப்பினார்கள். 'விண்ணப்பதாரர் கிரினெவ் ஊரைச் சேர்ந்தவர் அல்லர்' என்று கூட்டக் குறிப்பேட்டில் ஸெலிக் தம் அழகான கையெழுத்தில் எழுதி, மை உலர ஊதினார்.