புனைபெயர்கள் நிற்கக் கூடாது

இணையத்தில் எழுதும் புனைபெயர்கள் எல்லாம் தாலுகா அலுவலகத்துக்கு நேரில் வந்து பதிந்துகொள்ள வேண்டும் என்று அரசு உத்தரவிட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை ரூபவதி அரைநாள் விடுப்பு எடுத்து, தன் புனைபெயரான நெருஞ்சியை டவுன் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். நெருஞ்சி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். படியில் தொங்கியவர்களை உள்ளே வரச் சொல்லி அதட்டியதும் அவள்தான்.

ரூபவதி எம்.எஸ்சி. முடித்தவள். ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் வேலை. அங்கே பத்தொன்பது பெண்கள் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுவரை உட்காராமல் நிற்கிறார்கள் என்று நெருஞ்சி எழுதியதை ஊரே படித்திருந்தது. எழுதியது யாரென்று தெரிந்தால் மறுநாளே வேலை போய்விடும். பதிவானவர்களின் உண்மைப் பெயர்களை அலுவலக வாசலில் ஒட்டினார்கள். அதைப் படித்து வர முதலாளி தன் சூப்பர்வைசர் தணிகாசலத்தைத் தினமும் அனுப்பினார்.

புனைபெயர்கள் நிற்கக் கூடாது என்று அலுவலகச் சுவரில் எழுதியிருந்தது. கால்கள் அவற்றுக்குப் புதிது. எங்கே போனாலும் நாற்காலி தர வேண்டும். ஆகவே நெருஞ்சி உட்கார்ந்தாள், ரூபவதி நின்றாள். முன்னால் ஒரு பல் டாக்டர் தன் நான்கு புனைபெயர்களோடு வந்திருந்தார். நான்கும் வருவோர் போவோரையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தன. அவர் ஒவ்வொருவரிடமும் மெதுவாக மன்னிப்புக் கேட்டார்.

"தப்பு செய்யலேன்னா பேரைச் சொல்றதுக்கு என்னம்மா?" என்றார் எழுத்தர் குணசீலன். குரலில் கோபம் இல்லை. "என் பொண்ணைப் பத்தி அசிங்கமா எழுதினவன் யாருன்னு இன்னிவரைக்கும் தெரியல. ஒருநாள் இந்த வரிசையில வருவான்னுதான் இந்த சீட்டுக்கு மாத்தல் கேட்டு வாங்கினேன்."

"அவன் வரணும் சார்," என்றாள் ரூபவதி. அன்று அவள் வாய்திறந்தது அப்போதுதான். "ஆனா என் பேரை வாசல்ல ஒட்டினா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

வாசலில் தணிகாசலம் முழங்காலை நீவிவிட்டுக்கொண்டு நின்றார்.

"நான்தான் நிஜம்னு எழுதிக்கோங்க," என்றாள் நெருஞ்சி. "இவ என் புனைபெயர்."

குணசீலன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். இருவரில் ஒருவர் உண்மையாக இருக்க வேண்டும் என்று இருந்தது. எவர் என்று இல்லை. முத்திரை குத்தினார். நெருஞ்சி எழுந்து நின்றாள்.

"நீ உட்காரும்மா," என்றார் ரூபவதியிடம்.

மறுநாள் ரூபவதி கடையில் பதிவுச் சீட்டைக் காட்டினாள். முதலாளி அதை இரண்டு முறை படித்தார். எழுதியவள் நெருஞ்சி, அவள் இங்கே வேலை செய்யவில்லை. ரூபவதி அவளுடைய பெயர் மட்டும்தான். பெயரை வேலையைவிட்டு அனுப்ப முடியாது. பட்டுப் பிரிவுக்கு ஒரு நாற்காலி வரவழைத்தார்.

ஒருவர் இருபது புனைபெயர்கள்வரை வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமைக்குள் மற்ற பதினெட்டுப் பெண்களும் நெருஞ்சியின் புனைபெயர்களாகப் பதிந்துகொண்டார்கள். கடையில் தணிகாசலம் மட்டும் நின்றார். கடை சாத்தும் நேரத்தில் ரூபவதியின் நாற்காலியருகே வந்தார்.

"இன்னும் ஒரு இடம் இருக்காமே?" என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை நெருஞ்சி அவரை டவுன் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். ஜன்னலோர இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தாள்.