பெரிய மெஷினில் ஆள் இருக்கு

திரையில் பாண்டிமீனாவின் பெயருக்கு நேரே 'காத்திருப்பு' என்றிருந்தது. காலையில் பார்த்தபோதும் அதேதான். சாப்பிட எழுந்துபோய், சாப்பிடாமலே திரும்பி வந்து பார்த்தாள். காத்திருப்பு.

அவள் அனுப்பிய வேலையை ஓட்டவேண்டிய கணினி அவள் கல்லூரியில் இல்லை. பசுமலையில் வேறொரு கல்லூரியின் மாடியில் இருந்தது. மதுரையைச் சுற்றியுள்ள சில கல்லூரிகள் சேர்ந்து வாங்கியது. தனியாக வாங்க ஒருவருக்கும் வசதியில்லை, ஆராய்ச்சி மட்டும் எல்லோருக்கும் உண்டு. அவரவர் இடத்திலிருந்தே வேலையை அனுப்பலாம். இடம் கிடைக்கும்போது ஓடும்.

கிடைத்தால்.

போன் அடித்தது. உசிலம்பட்டிப் பகுதியின் கால்நடை அதிகாரி தமிழ்ச்செல்வி.

"என்னம்மா, முடிவு வந்துருச்சா?"

"இன்னும் ஓடவே ஆரம்பிக்கல மேடம்."

"விடிஞ்சா மாட்டுச் சந்தைம்மா. சாயங்காலம் மீட்டிங்ல நான் ஒரு பதில் சொல்லியாகணும். ஊசி போட்டா மாடு வீங்கத்தான் செய்யும், இதுக்குப் போயி சந்தைய நிறுத்துவீகளான்னு வியாபாரிக கேக்குறாங்க. அவங்க சொல்றது சரியாக்கூட இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? நீதான் சொல்லணும்."

அதுதான் கேள்வி. மாடுகளின் தோலில் கட்டி கட்டியாக வீக்கம். தடுப்பூசியின் விளைவா, தோல் கழலை நோயே வந்துவிட்டதா? ஆராய்ச்சி மாணவியான பாண்டிமீனா தொழுவம் தொழுவமாகப் போய் மாதிரி எடுத்திருந்தாள். கிருமியின் மரபணு லட்சக்கணக்கான சிதறல்களாக அவள் கையில் இருந்தது. அதைக் கோத்து முழு உருவம் பார்க்கத்தான் அந்தக் கணினி. நோய் என்று தெரியாமல் சந்தை நடந்தால், நாளை கிளம்பும் ஒவ்வொரு லாரியும் அதை ஒவ்வொரு ஊரில் இறக்கிவிட்டுப் போகும்.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆரப்பாளையத்தில் கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் தொற்றி ஏறினாள்.

பசுமலை மாடியில் வெங்கடேஷ்பாபு போனில் மனைவியிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். கணினியைப் பராமரிப்பவர் அவர். அவளைப் பார்த்ததும் போனை வைத்தார்.

"மீனா, நேர்ல வந்தா மட்டும் இடம் கெடைக்குமா? இது என்ன ரேஷன் கடையா?"

பாண்டிமீனா கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். சின்னதும் பெரியதுமாக மெஷின்களை அடுக்கிய கறுப்பு அலமாரிகள் விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு நின்றன. காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"அண்ணே, எல்லா மெஷினும் ஃபுல்லுனு காட்டுது. ஓடுனா விசிறி கத்துமே. ஏசி சத்தந்தான கேக்குது?"

வெங்கடேஷ்பாபு கழுத்தைச் சொறிந்தார்.

"பாதி துண்டும்மா."

"என்னது?"

"பஸ் வந்ததும் ஜன்னல் வழியாத் துண்டப் போட்டு சீட்டு புடிப்பாய்ங்கள்ல, அதே பழக்கம். சும்மா தூங்குற ஒரு ஜாப்பைப் போட்டு இடத்தப் புடிச்சு வச்சிருவாய்ங்க. நெசமான வேலை வரும்போது மாத்திக்கிருவாய்ங்க."

"எடுத்து வீசுங்கண்ணே."

"பஸ்ல அடுத்தவன் துண்ட எடுத்துப் பாரு, என்ன நடக்குதுன்னு. ஒருக்கா எடுத்தேன். அஞ்சாறு பிரின்சிபால் சேந்து என்னைய உக்கார வச்சுக் கேள்வி கேட்டாங்க. போட்ட ஆளு சொல்லாம எடுக்கக் கூடாதுன்னு அன்னைக்கே தீர்மானம் ஆயிருச்சு."

"அப்ப போட்டவங்களக் கேப்போம். போனைப் போடுங்க."

முதலில் அசோக்குமார். நகருக்குள் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி மாணவன்.

"அசோக்குமாரு, ஒன் ஜாப்பு ஓடுதா தூங்குதா?"

"தூங்குதுண்ணே. திங்கக்கிழமை கைடு வந்து கேப்பாரு. அதுக்குத்தான்."

"எழுப்பி விட்டுரவா? இங்க ஒரு புள்ள அவசரமா நிக்கிது."

"விடுங்கண்ணே. ஆனா திங்கக்கிழமை எனக்கு ஜன்னலோரமாப் பாத்துப் போட்டுருங்க."

அடுத்தது பேராசிரியை ராதாமணி.

"நானா? நான் எப்ப போட்டேன்?"

"ஆடி மாசம் மேடம்."

"அதுவா? அந்தக் கட்டுரை அப்பவே அச்சாயிருச்சேப்பா."

இரண்டு சின்ன மெஷின்கள் காலி. பாண்டிமீனா திரையைப் பார்த்தாள். காத்திருப்பு.

"ஒனக்கு அது பத்தாது மீனா. நீ கேட்டுருக்குற மெமரிக்குப் பெரிய மெஷின் ஒண்ணுதான் தாங்கும். அதுல சித்தார்த் போட்டுருக்கான். அதுவும் சத்தமில்லாமத்தான் கெடக்கு."

சித்தார்த்தின் போன் அணைக்கப்பட்டிருந்தது. அவன் துறைக்குப் பேசினார்கள். செமஸ்டர் தேர்வுக்குக் கண்காணிப்பாளராகப் போயிருக்கிறானாம். ஹாலுக்குள் போன் கூடாது.

"அண்ணே, வண்டிச் சாவியக் குடுங்க."

"ஓட்டுவியா?"

"ஓட்டித்தான ஆகணும்."

பழங்காநத்தம் சிக்னலில் அவளுக்கு முன்னால் ஒரு மினி லாரி நின்றது. அதில் கன்றுகளோடு இரண்டு பசுக்கள். ஒன்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. சிக்னல் விழுவதற்குள் அவள் ஹாரனை மூன்று முறை அடித்துவிட்டாள்.

தேர்வு நடக்கும் கட்டடத்தின் வாசலில் பியூன் கையை நீட்டி மறித்தார். "பரீட்சை எழுதுற புள்ளையா? இம்புட்டு லேட்டா வந்தா விட மாட்டாகம்மா."

"எழுத வரலண்ணே. ஜன்னல் பக்கமா நின்னுக்கிறேன்."

ஜன்னலுக்கு உள்ளே, வரிசைகளுக்கு நடுவே, ஒல்லியான ஒருவன் நடந்துகொண்டிருந்தான். கூட்டங்களில் பார்த்த முகம். சித்தார்த். பேசக் கூடாது. பாண்டிமீனா துப்பட்டாவை எடுத்து ஜன்னல் விளிம்பில் போட்டாள். பசுமலை இருக்கும் திசையைக் காட்டினாள். பிறகு துப்பட்டாவைத் தூக்கி, 'எடுக்கட்டுமா?' என்று புருவத்தை உயர்த்தினாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. தலையை அழுத்தமாக ஆட்டினான். கூடாது.

அவள் கையைக் கூப்பினாள். மறுபடியும் கூடாது. முன் பெஞ்சில் எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். சித்தார்த் இன்னொரு கண்காணிப்பாளரிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

"அது துண்டு இல்லைங்க." கிசுகிசுத்தான். "ஆள் இருக்கு. வைகைப் படுகையோட மொத்த நிலத்தடி நீரையும் மெமரில ஏத்தி வச்சிருக்கேன். தீபாவளிக்கு முன்னாடியிருந்து ஓடுது. கணக்கு மெதுவாத்தான் நகரும், அதான் சத்தம் வராது, அம்புட்டுத்தான். இப்ப எடுத்தா முதல்லயிருந்து."

"நாளைக்குச் சந்தை. மாடெல்லாம் லாரில ஏறிருங்க. இன்னைக்கு எனக்கு முடிவு வேணும்."

"எனக்கும்தான் வேணும்." அவன் ஹாலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினான். "எம்புட்டு மெமரி கேட்டீங்க?"

சொன்னாள்.

"அம்புட்டா? ஒரு மாட்டுக்கா?"

"இல்ல, எல்லாத்துக்கும் சேத்து. இடம் கெடைக்கிறதே பெரிய பாடு. கெடைக்கிறப்ப மொத்தத்தையும் ஒரே மூட்டையாக் கட்டி ஏத்திருவோம். நீங்க அப்படிச் செய்யறதில்லையா?"

"நானும் அப்படித்தான்." நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "சரி, சந்தைய நிறுத்த எத்தனை மாடு வேணும்?"

உள்ளேயிருந்து யாரோ, "சார், அடிஷனல் ஷீட்" என்றார்கள். அவன் போய்விட்டான்.

ஒன்று. ஒரு மாட்டில் நோய் உறுதியானால் போதும். ஒரு மாட்டுக்குச் சின்ன மெஷினே தாராளம். அது அசோக்குமார் எழுந்த நிமிடத்திலிருந்து காலியாகக் கிடக்கிறது.

"அண்ணே," போனில் கத்தினாள், "என் மூட்டையத் தூக்கிப் போடுங்க. முதல் மாதிரிய மட்டும் சின்ன மெஷின்ல ஏத்துங்க. இப்பவே."

"இப்பவா?" சற்று நேரம் கீபோர்டின் தட்டல். அப்புறம் அவர் பேசவில்லை, போனைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனார். விசிறிகள் எழும் சத்தம் கேட்டது.

அவள் பசுமலைக்குத் திரும்பிச் சேர்ந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார முடியவில்லை. படியில் இறங்கினாள், ஏறினாள். வெங்கடேஷ்பாபு வாங்கி வைத்த டீயில் ஆடை படிந்தது. மீட்டிங் தொடங்கும் நேரத்தில் திரை அசைந்தது. கோத்த மரபணு ஒரு பக்கம், தடுப்பூசியில் இருக்கும் கிருமி மறு பக்கம். பொருந்தவில்லை. கீழே, தோல் கழலை நோயின் கிருமி. வரிக்கு வரி பொருந்தியது.

"நோய்தான் மேடம்," என்றாள் போனில்.

"எத்தனை மாடு பாத்த?"

"ஒண்ணு. மத்தது இப்பத்தான் ஓடுது."

மறுமுனையில் ஒரே இரைச்சல். தமிழ்ச்செல்வியின் குரல் அதற்குள் மூழ்கி எழுந்தது. "நான் சொன்னா இவங்க நம்ப மாட்றாங்கம்மா. ஸ்பீக்கர்ல போடுறேன். நீயே சொல்லு."

"ஏம்மா," ஒரு கட்டைக் குரல். "ரூமுக்குள்ள ஒக்காந்துக்கிட்டு எங்க பொழப்புல மண்ணப் போடுறியே. எங்க மாட்ட நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேண்ணே. நாந்தான் மாதிரி எடுத்தேன்."

"எந்த மாடு? சொல்லு பாப்போம்."

"செவலப் பசு. வலது கொம்பு பாதியில முறிஞ்சிருக்கும். உதைக்க வந்துச்சு."

யாரோ இருமினார்கள்.

"அது நம்ம தொழுவத்துல நிக்கிற மாடுப்பா," என்றது அதே குரல், இப்போது வேறு யாரிடமோ. "சந்தைக்குன்னு லாரில ஏத்தி விட்ட மத்ததெல்லாம் அதுக்குப் பக்கத்துலதான் கட்டிக் கெடந்துச்சு."

பாண்டிமீனா போனின் ஒலியைக் கூட்டினாள்.

"மாப்ள, டிரைவருக்குப் போனப் போடு. லாரி எங்க போயிருந்தாலும் திருப்பச் சொல்லு."