சங்குக்கு யானை எழுதிய பதில்

பி.எச்.பி. என்ற இணையதள நிரல் மொழி செத்துப்போய்விட்டது என்று யாராவது எழுதிவிட்டால் போதும், அவளுக்குச் சோறு தண்ணி இறங்காது. அன்றைக்கு எழுதியவன் சங்கு. நிரல் எழுதுகிறவர்கள் கூடிச் சண்டை போடும் இணைய மன்றத்தில் அது அவன் புனைபெயர். இவள் புனைபெயர் யானை. அந்த மொழியின் சின்னமே யானைதான். நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை, ஆனால் காலையிலிருந்து இருவருக்கும் காரசாரமான மோதல்.

அவளுக்கு அது வெறும் வாய்ச்சண்டை இல்லை. அவளுடைய அக்கா பல் டாக்டர். அக்காவின் கிளினிக்குக்கு நேரம் பதிவு செய்யும் தளத்தை அந்த மொழியில்தான் கட்டி, பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது மொழியில் எழுதித் தருகிறேன் என்று ஒரு கம்பெனிக்காரர் அன்றுதான் அக்காவைப் பார்க்க வருகிறார். அக்கா தலையாட்டினால் தளம் கைமாறிவிடும். அந்தப் பயத்தையெல்லாம் சங்கின் தலையில் கொட்டினாள்.

நீளமான பதில்களை அவள் மன்றத்தில் நேராக எழுத மாட்டாள்; பக்கம் தவறி மூடிக்கொண்டால் எல்லாம் போச்சு. நிரல் எழுதும் ஜன்னலில் எழுதி, கொண்டுபோய் ஒட்டுவாள். பக்கத்து ஜன்னலில் கிளினிக் தளத்தின் முகப்புப் பக்க நிரல் திறந்து கிடந்தது, அதுவும் தளம் ஓடும் சர்வரில் நேரடியாக. சேமித்த கணமே உலகத்துக்கே தெரியும், இந்த மொழியின் அழகே அதுதான் என்று அப்போதுதான் சங்குக்குப் பாடம் எடுத்திருந்தாள். ரோஷத்தில் கண் தெரியவில்லை. ஒட்டினாள், கைப்பழக்கத்தில் சேமித்தாள், டீ போடப் போனாள்.

கொதி வருவதற்குள் அக்காவின் போன்.

“நம்ம தளத்துல என்னடி எழுதி வச்சிருக்கே?”

ஓடிவந்து பார்த்தாள். முன்பதிவுக்கு வரவேற்கிறோம் என்ற வரிக்கு மேலே நின்றது: ‘டேய் சங்கு, இன்னொரு தடவை செத்துப்போச்சுன்னு சொன்னா பல்லைத் தட்டிக் கையில குடுத்துடுவேன். இப்படிக்கு, யானை.’

பல் டாக்டரின் தளத்தில்!

போனில் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். கம்பெனிக்காரர்தான். பழைய தளத்தின் லட்சணத்தைக் காட்டுகிறேன் பேர்வழி என்று அக்கா முன்னால் அதைத் திறந்தவர், தன் புனைபெயரையே அங்கே கண்டுவிட்டார். அவர்தான் சங்கு.

அவள் அந்த வரியை அழித்துச் சேமித்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தை மறுபடி திறப்பதற்குள் வரியைக் காணோம்.

அக்காவுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. இப்படி ஒரு வரியை எடுக்க உங்கள் மொழியில் எவ்வளவு நேரம் ஆகும் என்று அங்கேயே கேட்டாள்.

“அரை மணி நேரமாவது ஆகும் டாக்டர்,” என்றார் சங்கு. “ஆனா எங்ககிட்ட இது தளத்துல ஏறியே இருக்காது. இன்னொருத்தர் பார்த்த பிறகுதான் எதுவும் ஏறும்.”

போனில் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கே அது தெரியும். அவர் சொன்னது உண்மை.

“சரி, தளம் உன்கிட்டயே இருக்கட்டும்,” என்றாள் அக்கா. “ஆனா இனிமே நீ எழுதுறதை இவர் பார்த்த பிறகுதான் ஏத்தணும். இவர் பல்லுக்கு நான் பொறுப்பு.”

போனை வைத்ததும் அவள் சந்தோஷம் தாங்காமல் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அன்று சாயங்காலம் மன்றத்தில் சங்கு ஒரே ஒரு வரி எழுதினார்: உயிரோடுதான் இருக்கிறது, கண்ணால் பார்த்தேன். விட்டார்களா? விலைபோய்விட்டாய் என்று அவருடைய ஆட்களே அவரைப் பிய்த்து எடுத்தார்கள். யானைக்குப் பொறுக்கவில்லை. அவரை இன்னொரு வார்த்தை சொன்னால் நடக்கிறதே வேறு என்று மூச்சுவிடாமல் எழுதித் தள்ளினாள். ஆனால் ஒட்டவில்லை. முதலில் அதைச் சங்குக்கு அனுப்பி, ஏற்றலாமா என்று கேட்டாள்.