நாலாவது நாற்காலி

அரசியல், தத்துவம், பொருளாதாரம் மூன்றையும் ஒரே பட்டமாகப் படித்த கூட்டம், பட்டம் கைக்கு வந்ததும் வேலை, கல்யாணம், வெளியூர் என்று திசைக்கொன்றாகப் பறந்துவிட்டது. இன்னும் ஒரு வருடம் இருந்து ஆராய்ச்சி செய்து ஹானர்ஸ் வாங்கப்போகிறேன் என்று தலையைக் கொடுத்தது சின்னவள் ஒருத்திதான். வீட்டுக்கு இரண்டாவது பெண் என்பதால் அவள் சின்னவள். அப்படிக் கூப்பிட இங்கே ஆள் கிடையாது.

துணைக்கு நாலைந்து பேராவது சேருவார்கள் என்று நம்பித்தான் அவளும் சேர்ந்தாள். முதல் நாள் போய்ப் பார்த்தால் அறிவிப்புப் பலகையில் ஒரே ஒரு பெயர், அதுவும் அவளுடையது. மூன்று துறைக்கும் சொந்தக்காரி என்பதால் மூன்றிலும் அவளுக்கு மேஜை இல்லை. அரசியல் துறையில் தத்துவத்தில் கேட்கச் சொன்னார்கள், தத்துவத்தில் பொருளாதாரத்தைக் கைகாட்டினார்கள், பொருளாதாரத்துக் குமாஸ்தா அவளை ஏற இறங்கப் பார்த்து, அரசியல் துறைப் பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள். இவளுக்கு மூன்றாவதாக ஒரு கால் வேறு தேவைப்பட்டது. கடைசியில் குமாஸ்தாவே மனமிரங்கி, ரிப்பேரான பிரின்டர்களைப் போட்டுவைத்திருந்த அறையில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தார்.

அந்த அறையில் பேசுவதற்குப் பிரின்டர்கள்தான் இருந்தன, அவையும் வாயடைத்துப்போனவை. சாயங்காலம் அம்மா போன் செய்யும்போது தொண்டையைச் செருமிக்கொண்டுதான் அவளுக்குக் குரல் வரும். காலையிலிருந்து அதுதான் முதல் பேச்சு. ஜலதோஷமா என்று அம்மா கேட்பாள், இவளும் ஆமாம் என்பாள். நாட்டை எப்போது திருத்தப்போகிறாளாம் என்று பின்னாலிருந்து அப்பா சீண்டுவார். சிரித்துவிட்டுப் போனை வைத்ததும் அறை முன்னைவிடப் பெரிதாகத் தெரியும். அவளுக்குத் தனிமை தாங்கவில்லை. சொன்னால், நீயாகக் கேட்டு வாங்கிக்கொண்டதுதானே என்பார்கள். அதனால் சொல்லவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் ஆராய்ச்சியே மனிதர்கள் ஒன்றுகூடுவதைப் பற்றியதுதான். முன்பின் தெரியாத நாலு பேரை ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால், நடுவே தட்டி வைத்து உட்கார வைப்பாள். ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்குப் பத்துப் புள்ளி. வேண்டியதைப் பொது உண்டியலில் போடலாம், மிச்சத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம். உண்டியலில் விழுந்தது இரட்டிப்பாகி நாலு பேருக்கும் சமமாகப் பிரியும், ஒன்றுமே போடாதவருக்கும் சேர்த்து. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்ற கதைதான். முதல் சுற்றில் தாராளமாகப் போடுகிறவர்களும், பக்கத்து ஆள் கையை மடக்குவதைத் திரையில் பார்த்துத் தானும் மடக்கிக்கொள்வார்கள். ஒரே ஒருவர் விடாமல் போட்டுக்கொண்டிருந்தால் மற்றவர்களும் வழிக்கு வருவார்கள் என்பது சின்னவளின் கட்சி. ஆனால் அப்படி ஓர் ஆளை அவளாகச் செட்டப் செய்து உட்கார வைக்கக்கூடாது. ஆராய்ச்சி நெறிமுறைக் குழு இதில் கறாராக இருந்தது. ஆட வருகிறவர்களில் நண்பர்கள், தெரிந்தவர்கள் ஒருவரும் இருக்கக்கூடாது, உறுதி தர முடியுமா என்று கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு தந்தாள். அவளுக்குச் சுலபமாக இருந்த ஒரே நிபந்தனை அதுதான்.

மாதக்கணக்கில் ஆடவைத்தும் அவள் கட்சி தேறவில்லை. எல்லா ஆட்டத்திலும் கோடு மேலே தொடங்கிக் கீழே சரிந்தது.

ஒரு மழை மத்தியானம் மூன்று பேர்தான் வந்தார்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண், அன்று லீவில் இருந்த பஸ் டிரைவர், ஓய்வுபெற்ற தபால்காரர். நாலாவது ஆள் வரவில்லை. அப்படியானால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பவேண்டும் என்பது விதி. மூவரும் நனைந்த குடையோடு வராந்தா பெஞ்சில் காத்திருந்தார்கள். இவ்வளவு வேலையையும் தனி ஆளாகவா பார்க்கிறீர்கள் என்று டிரைவர் விசாரித்தார். தபால்காரர் நகர்ந்து அவளுக்கும் இடம் கொடுத்தார். அவள் உட்கார்ந்தாள். திருப்பி அனுப்பத்தான் வாயைத் திறந்தாள். நாலாவது ஆள் முன்னமே வந்து உள்ளே இருக்கிறார் என்று வார்த்தை மாறி வந்துவிட்டது.

மூவரையும் அவரவர் தட்டிக்குள் உட்கார வைத்துவிட்டு, நாலாவது நாற்காலியில் தானே போய் உட்கார்ந்தாள். முதல் சுற்றிலேயே பத்தையும் போட்டாள். மற்றவர்கள் மூன்று, நாலு என்று கிள்ளிப் போட்டார்கள். மறுபடியும் பத்து. திரையில் ஒருவருடைய எண் ஐந்தானது, இன்னொருவருடையது ஏழு. ஒருவர் பாதியில் பின்வாங்கினார், பிறகு வெட்கப்பட்டவர் மாதிரி எட்டுப் போட்டார். கடைசிச் சுற்றில் நாலு பேரும் பத்துப் பத்தாகப் போட்டார்கள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே வந்து புத்தகக் கடைக் கூப்பன்களைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு மூவரும் தனித்தனியாகக் குடையை விரித்துப் போய்விட்டார்கள்.

அந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றுதான் இருந்தாள். சேர்த்தால் எப்படி இருக்கும் என்று சும்மா பார்த்தாள். அந்த ஒரு ஆட்டத்தின் கோடு மட்டும் மேலே ஏறியது. பிறகு எடுக்கக் கை வரவில்லை.

அவளுடைய கைடு பொருளாதாரப் பேராசிரியர். கெட்டவரில்லை, நேரமில்லாதவர். எப்போது போனாலும் நிற்க வைத்தே பேசி, மெயிலில் அனுப்பச் சொல்லிவிடுவார். அன்று அந்தக் கோடு ஏறிய வரைபடத்தைப் பார்த்ததும் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். இத்தனை ஆட்டத்தில் இது ஒன்றுதான் ஆய்வுக்கே உயிர் கொடுக்கிறது என்றார். இதை வைத்து மேற்படிப்புக்கு உதவித்தொகையோடு இடம் வாங்கிவிடலாம், சிபாரிசுக் கடிதத்தை இன்றைக்கே எழுதுகிறேன் என்றார். சொல்லிக்கொண்டே கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

“யாரும்மா இந்த நாலாவது ஆளு? மத்தவங்க கிள்ளிக் கிள்ளிப் போடுறாங்க, இவரு எடுத்ததும் மொத்தத்தையும் தூக்கிப் போட்டிருக்காரு. ஒண்ணு ஏமாளியா இருக்கணும், இல்லன்னா பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாதவரா இருக்கணும்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சின்னவளும் சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். நடுவே தட்டி இருந்தது, ஆடிய மூவருக்கும் தெரியாது, கேட்க வேறு நாதியும் இல்லை. உதவித்தொகை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் தன்னை ஒருவர் இவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டாரே என்ற திகைப்பிலிருந்து அவளால் மீள முடியவில்லை.

“அது நான்தான் சார்.”

சார் சிரிப்பை நிறுத்தினார். ஒரு ஆட்டம் போனால் இன்னொரு ஆட்டம், இதற்குப் போயா இப்படிச் செய்தாய் என்று ஆற்றாமையோடு கேட்டார்.

“மூணு பேரு வந்து என்கூட உக்காந்திருந்தாங்க சார். போங்கன்னு சொல்ல மனசு வரல.”

அவர் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றி மறுபடியும் போட்டார். கடிதத்துக்குத் திறந்துவைத்த பக்கத்தை மூடினார். ஆய்வில் முடிவு எதுவும் இல்லை என்றுதான் இனி எழுதவேண்டியிருக்கும், பட்டம் வரும், உதவித்தொகையை மறந்துவிடு என்றார். பிறகு கீபோர்டை அவள் பக்கம் தள்ளினார்.

“என்னோடத மட்டும் எடுத்துடட்டுமா சார்? அவங்க மூணு பேரும் நெஜமாத்தான் போட்டாங்க.”

“முடியாதும்மா. அவங்க உன்னப் பாத்துத்தானே போட்டாங்க.”

அவர் குற்றமாகத்தான் சொன்னார். அந்த வருடம் முழுவதும் அவளிடம் யாரும் அவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை. கண் கலங்கியதை மறைக்காமலே கீபோர்டைப் பக்கத்தில் இழுத்தாள். டிரைவருடைய வரியை அழித்தாள். மருந்துக்கடைப் பெண்ணுடையதை அழித்தாள். தபால்காரருடையதை அழித்தாள். திரையில் அவளுடைய வரி மட்டும், பத்துப் பத்தாக, தனியே நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதையும் அழித்தாள்.