பூட்டிவைத்த சூடு

வீட்டுக்குள்ளேயே கோட்டும் கம்பளிக் குல்லாவுமாக மார்லிஸ் கணினி முன் உட்கார்ந்திருந்தாள். அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் டுலூத் நகரத்துக் குளிர் அப்படி. இணையத்தில் கிடைக்கும் சில்லறை வேலைகளைச் செய்பவள் அவள். இன்று ஏதோ ஆராய்ச்சியாம். வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டைப் படமெடுத்து அனுப்பி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

'நீங்கள் சூட்டை மாற்றாததற்குக் காரணம் மறதியா, சோம்பலா, இயக்கத் தெரியாததா?'

"சோம்பலாம் வெர்ன், கேட்டியா?" என்று புருஷனிடம் பொருமினாள்.

அனுப்பிய படமும் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. 'தெர்மோஸ்டாட்டை அதன்மேல் உள்ள பிளாஸ்டிக் பெட்டி மறைக்கிறது. திறந்து மீண்டும் எடுக்கவும்.'

"திறக்க முடிஞ்சா நான் ஏன்டா குல்லாவோட உக்காந்திருக்கேன்?" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

வெர்ன் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினான். "விடும்மா. வீட்டுச் சொந்தக்காரன் பெட்டியைப் பூட்டிட்டுப் போனது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டாத்தானே தெரியும்! அதை மட்டும் கேக்க மாட்டாங்களே!"

கடைசிக் கேள்வி மிச்சமிருந்தது: 'உங்கள் வீட்டில் சூட்டை மாற்றுபவர் யார்?'

மார்லிஸ் விசைகளை ஓங்கி ஓங்கித் தட்டினாள்: 'வீட்டுச் சொந்தக்காரர். குளிர்காலம் முழுக்க ஃபுளோரிடா கடற்கரையில் வெயில் காய்கிறார். சாவி அவர் பையில் இருக்கிறது. போய் அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.'