வாலில் ஒளிந்திருந்த குரல்

கணினி இசைப் போட்டிக்கு வந்தவர்களுக்குத் தார்மோ வாசலில் நின்று ஆளுக்கொரு பிளாப்பி வட்டு கொடுத்துக்கொண்டிருந்தான். முப்பத்தோரு பிளாப்பி, முப்பத்தோரு போட்டியாளர்கள். எல்லாவற்றிலும் ஒரே ஒலி.

"மூணு செகண்டு சத்தம். நேத்து என் வீட்டு சவுனாவில நானே பிடிச்சது. சுட்ட கல்லு மேல தண்ணி ஊத்தின சத்தம். இதை மட்டும் வெச்சுத்தான் பாட்டு பண்ணணும். வேற சத்தம் கலந்தா வெளிய. மொத்த ஒலியும் எட்டுக் கிலோபைட்டத் தாண்டுச்சுன்னா வெளிய. எது என் பாட்டுன்னு ஓட்டு முடியறதுக்குள்ள வாயத் திறந்தா வெளிய. ரெண்டு மணி நேரம்."

"மூச்சு விடலாமா?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான்.

"விடு. சத்தம் வராம விடு."

கியுருவெசி ஊரில் தார்மோவிடம் இதற்கு மேல் யாரும் வாயாட மாட்டார்கள். சவுனா என்கிற நீராவிக் குளியலறையில், சூடு அதிகமான மேல் பலகையில் அவன் ஏறி உட்கார்ந்தால், கீழே இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து ஓடுவார்கள். அவன் மட்டும் இடித்த புளி மாதிரி அசையாமல் இருப்பான். போன வருடம் ஒருவன் சூடு தாங்காமல் "ஸ்ஸ்" என்றதற்கு, "போய்ப் பால் குடி" என்று இறக்கி விட்டவன். அந்தப் பையனுக்கு இன்றைக்கும் பால்காரன் என்றுதான் பெயர்.

போட்டி நடந்த பனிச்சறுக்கு மண்டபத்தில் ஜூலையில் பனி கிடையாது. கோடை வெயில் திரைகளில் விழாமல் இருக்க ஜன்னல்களில் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டியிருந்தார்கள். மூலையில் தார்மோவின் அம்மா ஹில்கா காபியும் அரிசி அப்பமும் விற்றாள். மண்டபத்தில் இருநூறு பேர். பெண் என்று பார்த்தால் ஹில்காவையும் சைலாவையும் சேர்த்து ஐந்து பேர்.

சைலாவுக்குப் பதினாறு வயது. அவள் அண்ணன் இல்போதான் 'ரௌதா' இசைக் குழுவின் தலைவன். மூன்று வருடமாக அவள் ரௌதாவுக்குக் கேபிள் சுமந்தாள், திரை சுமந்தாள், காபி வாங்கி வந்தாள். குழுவின் பெயர்ப் பட்டியலில் மட்டும் அவள் இல்லை. போன வாரம் கேட்டே விட்டாள்.

"முதல் மூணு இடத்துல வந்தா சேத்துக்கறேன்" என்றான் இல்போ. "வரலைன்னா வழக்கம்போல கேபிள்."

"இது எல்லாருக்கும் உள்ள சட்டமா, எனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான். ரௌதாவில மூணுக்குள்ள வராதவனுக்கு என்ன வேலை?"

"எழுதிக் குடு."

அவன் சிரித்துக்கொண்டே ஒரு சாக்லேட் காகிதத்தின் பின்புறம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் இன்று வந்திருந்தாள்.

இப்போது பிளாப்பியைப் போட்டாள். திரையில் ஒலி ஒரு படமாக விரிந்தது. முதல் ஒரு செகண்டு முள்ளம்பன்றி போலச் சிலிர்த்து நின்றது. அதுதான் கல்லில் தண்ணீர் சீறிய சத்தம். மீதி இரண்டு செகண்டு வால் போல வெறும் நேர்க்கோடு. மூன்று செகண்டும் சேர்ந்து இருபத்து நான்கு கிலோபைட். எட்டுக்குள் அடங்க வேண்டும் என்றால் அந்த வாலை வெட்டி எறிவதுதான் முறை. சுற்றிலும் எல்லோரும் வெட்டி எறிந்துவிட்டார்கள். இல்போவும் வெட்டினான்.

மண்டபம் முழுக்க ஸ்ஸ், ஸ்ஸ் என்று பாம்புப் புற்றாகிவிட்டது. சீறலை உடைத்தால் தாளம் வரும். அதில் ஒரு துணுக்கை எடுத்து விடாமல் சுற்ற விட்டால் புல்லாங்குழல் வரும். இதெல்லாம் சைலாவுக்கும் தெரியும், மற்ற முப்பது பேருக்கும் தெரியும். முப்பத்தோராவது பாம்பாக இருந்தால் யார் ஓட்டுப் போடுவார்கள்?

வெட்டப் போனவள் அந்தக் கோட்டை ஒரு முறை உற்றுப் பார்த்தாள். ஓர் இடத்தில் எறும்பு ஊர்ந்தது போல மெல்லிய நெளிவு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இடத்தின் ஒலியளவை இரண்டு மடங்கு ஆக்கினாள். ஒன்றுமில்லை. நான்கு, எட்டு, பதினாறு. பழைய தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல் கரகரத்தது.

"ஐயோ, அம்மா!"

சைலா ஸ்வெட்டர் கையை வாயில் திணித்துக்கொண்டாள். ஒலிவாங்கி அடுப்பின் பக்கத்தில் இருந்திருக்கிறது. தார்மோ தூரத்தில் மேல் பலகையில் இருந்திருக்கிறான். கல்லிலிருந்து கிளம்பிய ஆவி கூரையைத் தடவிக்கொண்டு பின்சுவருக்குப் போய் அவன் முதுகில் இறங்க இரண்டு செகண்டு ஆகும். இறங்கியிருக்கிறது.

"என்ன, பல்லு வலியா?" என்றான் இல்போ.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

சீறலுக்கு இரண்டு கிலோபைட், குழலுக்கு ஒரு சிட்டிகை, அம்மாவுக்கு ஐந்து. கணக்கு சரியாக வந்தது. பாட்டு அமைக்கும் மென்பொருளில் ஒலிகளுக்குப் பெயர் எழுதும் கட்டங்கள் முப்பத்தொன்று உண்டு. பாட்டு ஓடும்போது அவையும் பெரிய திரையில் தெரியும். ஆளாளுக்கு அங்கே நண்பர்களுக்கு வணக்கமும் எதிரிகளுக்கு வசவும் எழுதுவது வழக்கம். சைலா மூன்றே கட்டங்களில் எழுதினாள். 'வாலை வெட்டினாயா?' 'பதினாறு மடங்கு ஏற்று.' 'பிறகு திட்டு.'

மாலை நான்கு மணிக்குப் பாட்டுகள் ஓடின. இருபத்திரண்டு பாம்புகளுக்குப் பிறகு அவள் பாட்டு வந்தது. தாளம் மெதுவாகச் சீறியது, குழல் ஏறியது, எல்லாம் ஒரு நொடி நின்றது. அந்த அமைதியில், "ஐயோ, அம்மா!" அடுத்த சுற்றில் மூன்று சுருதிகளில் மூன்று அம்மா. கடைசியில் கோழிக்குஞ்சு போலக் கீச்சென்று ஓர் அம்மா. கூட்டம் தரையைக் காலால் உதைத்தது. பால்காரன் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான்.

தார்மோ மைக்கைப் பிடுங்கினான். காது நுனி சிவந்திருந்தது.

"நிறுத்து! இது என் கோப்புல இல்லாத சத்தம். வெளிய. அடுத்த பாட்டு."

சைலா நாற்காலி நுனிக்கு வந்தாள். எழுந்து பேசினால், வாய் திறந்ததற்காக வெளியே. பேசாவிட்டால், வேறு சத்தம் கலந்ததற்காக வெளியே. பையிலிருந்த சாக்லேட் காகிதத்தைக் கசக்கிப் பிடித்தாள்.

"இருப்பா, அவசரப்படாத" என்றான் பால்காரன். "திரையில என்னமோ எழுதியிருக்கு. வாலை வெட்டினாயா... பதினாறு மடங்கு ஏற்று..."

அவ்வளவுதான். முப்பது பேரும் மூலப் பிளாப்பியை மறுபடி செருகினார்கள். முதலில் இடது மூலையில் ஒரு ஸ்பீக்கர், "ஐயோ, அம்மா!" பிறகு நடுவரிசை. பிறகு இல்போவின் சொந்த ஸ்பீக்கர். ஒன்று முடியுமுன் இன்னொன்று, மண்டபமே தாயைத் தேடிக் கூப்பாடு போட்டது.

காபி மூலையிலிருந்து ஹில்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"என்ன தார்மோ, எங்கடா அடிபட்டுது? எதுக்கு இத்தனை தடவ கூப்பிடற?"

ஒரு கணம் ஸ்பீக்கர்கள்கூட அடங்கின. தார்மோ அம்மாவைப் பார்த்தான், இருநூறு முகங்களைப் பார்த்தான், மைக்கைப் பார்த்தான்.

"நான் கூப்பிடலம்மா."

"உன் குரல் எனக்குத் தெரியாதா? நேத்து சவுனாவிலயும் இப்படித்தான கத்தின. நான் வெளிய துண்டு காயப்போட்டுட்டு இருந்தேன்."

சிரிப்பு கூரையில் மோதித் திரும்பி வந்தது. அது அடங்கும்வரை தார்மோ அசையாமல் நின்றான், மேல் பலகையில் இருப்பது போலவே. பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

"சத்தம் என்னுதுதான். கோப்புல இருக்கு. பாட்டு உள்ள." கொஞ்சம் யோசித்துவிட்டு, "முதல்லேர்ந்து போடு. இவங்க சத்தத்துல முடிவு சரியாக் கேக்கல" என்றான்.

ஓட்டு எண்ணி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. முதல் பரிசு வேறொருவனுக்குப் போனது. அவன் பாம்பு நிஜமாகவே நல்ல பாம்பு. இரண்டாம் இடத்துக்கு சைலாவின் பெயரை வாசித்தபோது தார்மோ தலையைத் தூக்கி அவளைத் தேடினான். அவள் ஸ்வெட்டர் கையை மறுபடி வாயில் வைத்திருந்தாள். ஒரு பை உருளைக்கிழங்கு பரிசு. கொடுக்கும்போது தார்மோ அவள் காதருகே குனிந்து, "அந்தக் கடைசிக் கோழி ரொம்ப ஓவர்" என்றான்.

இடத்துக்குத் திரும்பினாள். இல்போ பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் ஒன்பதாவது.

"சரி, சரி, உன் பேரச் சேத்துக்கறேன்" என்றான். "இப்ப கிளம்பலாம். கேபிளச் சுத்து."

சைலா கசங்கிய சாக்லேட் காகிதத்தை எடுத்து, மேசையில் வைத்து, விரலால் நீவி நீவி மடிப்பைச் சரிசெய்தாள். 'எல்லாருக்கும்' என்ற சொல்லும் கையெழுத்தும் தெளிவாகத்தான் இருந்தன. பிறகு காலடியில் கிடந்த கேபிளின் ஒரு நுனியை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

"ஐயோ, அம்மா" என்றான் இல்போ.